மலேரியாவை வென்றது எது?

நம் நாட்டின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றை எழுதப் புகுந்தோர் 1931 ஆம் ஆண்டின் டொனமூர்ச் சீர்திருத்தத்தையும் 1948 ஆம் ஆண்டின் சுதந்திரத்தையும் விரிவாக எடுத்துரைப்பர். இவ்விரண்டிற்கும் இடையே ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைக் கொள்ளைகொண்ட காய்ச்சலையோ சில வரிகளிற் கூறிக் கடந்துவிடுவர். 1931 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கை மக்கள் தொகை 53 இலட்சமே என்பதை நினைவிற்கொண்டால், இவ்விழப்பின் அளவு விளங்கும்.

1934 ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மழை மிகுந்தால் நுளம்பு பெருகும் என்பது பொதுவான எண்ணம். ஆயின் ஈரவலயத்தில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. இந்நாட்டில் மலேரியாவைப் பரப்பும் தலையாய நுளம்பாகிய அனோபிலீசு கூலிசிபேசீசு, வெயில் படும் தெளிந்த நீர்த்தேக்கங்களிலே முட்டையிடும் இயல்பினது. ஆறுகள் பெருக்கெடுத்து ஓடுங்காலத்து அதன் குடம்பிகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும். அவ்வாண்டில் மா ஓயா போன்ற ஆறுகள் வற்றி மணற்படுக்கையிற் சிறு குட்டைகளாக நின்றமையால், குட்டைதோறும் நுளம்பு பெருகியது. ஆண்டின் இறுதிக்குள் கேகாலை, குருநாகல் முதலிய பகுதிகளில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் பரவியது. ஆண்டுதோறும் மலேரியாவிற் கிடந்து பழகிய வறண்ட வலயத்து மக்களிடம் ஓரளவு எதிர்ப்பாற்றல் இருந்தது. அந்நோயை அதிகம் அறியாத ஆற்றோரக் கிராமத்தாரிடம் அஃது இல்லை. போதாமைக்கு, வறட்சியால் விளைவு கெட்டு, உலகப் பொருளாதார மந்தத்தால் வேலையும் குன்றியிருந்தது. நோய் வந்தபோது உணவின்றி மெலிந்த உடலே அதனை எதிர்கொண்டது. குழந்தைகளே பெருந்தொகையாக மாண்டனர்.

இக்கொள்ளைநோய் அரசியலிலும் தன் தடத்தைப் பதித்தது. றுவான்வெலப் பகுதியில் நிவாரணப் பணியாற்றிய என். எம். பெரேரா 1936 ஆம் ஆண்டில் அத்தொகுதியிலிருந்தே அரசாங்க சபைக்குத் தெரிவானார். சர்வசன வாக்குரிமை பெற்றுவிட்ட கிராமத்தார், வைத்தியசாலையும் மருந்துச்சாலையும் தமக்கு அண்மையில் வேண்டுமெனக் கேட்கத் தொடங்கினர். அடுத்த பத்தாண்டில் அவை கிராமப்புறங்களிற் பெருகின. இச்செய்தி பின்னர் வேண்டப்படும்.

1946 ஆம் ஆண்டில் டி. டி. ரி. என்னும் பூச்சிகொல்லியை வீட்டுச் சுவர்களில் விசிறும் பணி நடைபெற்றது. இரவிற் குருதி குடித்தபின் சுவரிலே தங்கும் நுளம்பு அச்சுவரிலேயே மடிந்தது. 1946 ஆம் ஆண்டில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947 இல் ஏறத்தாழ 14 ஆகக் குறைந்தது. ஓராண்டில் இத்தகைய வீழ்ச்சி உலகில் அரிது. இலங்கையின் பெயர் குடிசனவியல் நூல்களில் எல்லாம் இடம்பெற்றது. ஒரு மருந்துப் பொடி ஒரு நாட்டின் சாவைத் தடுத்துவிட்டது எனப் பலரும் எழுதினர்.

இம்முடிபு முற்றும் ஏற்கத்தக்கதா? 1960 களின் தொடக்கத்திலேயே பிரெடறிக்சன் என்பார் ஐயம் எழுப்பினார். மலேரியா அரிதாகவேயிருந்த தென்மேற்குக் கரையோரத்திலும் அதே காலத்தில் இறப்பு வீதம் வீழ்ந்ததே, அங்கே டி. டி. ரி. எதனைச் சாதித்தது என்பது அவர் வினா. போர் முடிந்தபின் உணவுநிலை சீர்ப்பட்டமையையும் மருத்துவ வசதி வளர்ந்தமையையும் அவர் சுட்டினார். 1965 இல் நியூமன் மறுத்துரைத்து, பெரும்பங்கு மலேரியா ஒழிப்புக்கே உரியது என வாதித்தார். எம்மவராகிய மீகமவும் 1967 இல் இவ்வாராய்ச்சியிற் கலந்துகொண்டார்.

இவர்கள் கையாண்ட சான்றுகளுள் ஒன்று கருதத்தக்கது. மலேரியாவால் அடிக்கடி வருந்தும் பிள்ளையின் மண்ணீரல் வீங்கும். டி. டி. ரி. வருமுன், சுகாதாரத் திணைக்களத்தார் பாடசாலைப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, எத்தனைபேருக்கு மண்ணீரல் பருத்துள்ளது என மாவட்டந்தோறும் குறித்து வைத்திருந்தனர். அக்கணக்கை அவ்வம் மாவட்டத்து இறப்பு வீதத்தின் வீழ்ச்சியோடு ஒப்புநோக்கினால் மலேரியாவின் பங்கை மதிப்பிடலாம். இவ்வழியிற் சென்ற கிறே என்பவர் 1974 இல், போருக்குப் பிற்பட்ட வீழ்ச்சியில் 23 சதவீதமே மலேரியா ஒழிப்பினால் விளைந்தது எனக் கணித்தார். 1996 இல் இலாங்ஃபோட் என்பார் சான்றுகளை மீள ஆராய்ந்து மருத்துவ சேவையின் விரிவுக்கு முதன்மை கொடுத்தார். மேலே குறித்த கிராம வைத்தியசாலைகள் இங்கேதான் வழக்கிற் சாட்சியாக வருகின்றன. எமது கருத்தில், சதவீதங்கள் பற்றிய பூசல் தீராவிடினும் ஒன்று தெளிவு: டி. டி. ரி. தனித்து நின்று போர் வென்றதன்று.

இத்தெளிவு அக்காலத்தில் இருந்திருப்பின் 1963 ஆம் ஆண்டு வேறுவகையாக முடிந்திருக்கக்கூடும். அவ்வாண்டில் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. நோய் ஒழிந்ததென நம்பி மருந்து விசிறுதல் நிறுத்தப்பட்டது. காய்ச்சற்காரரின் விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டிற் பூசிச் சோதிக்கும் பணியும் தளர்ந்தது. 1960 களின் பிற்பகுதியில் மீண்டும் மழை குன்றியது. ஆறுகள் மீண்டும் குட்டைகளாயின. 1969 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது.

இரேச்சல் கார்சன் 1962 இல் எழுதிய நூலுக்கு அஞ்சி இலங்கை டி. டி. ரி. யைத் தடைசெய்தது, அதனாலேயே நோய் திரும்பியது என ஒரு கதை மேல்நாட்டு ஏடுகளில் அடிக்கடி வருகின்றது. அது பொய்க்கதை. விசிறல் நின்றது வெற்றி கண்டுவிட்டோம் என்ற எண்ணத்தினால். நோய் திரும்பியதும் அதே மருந்து மீண்டும் விசிறப்பட்டது. ஆனால் அதற்குள் நுளம்பு அதனைத் தாங்கப் பழகிவிட்டது. 1970 களின் பிற்பகுதியில் மலத்தியனுக்கு மாறவேண்டியதாயிற்று.

பின்வந்த காலத்தைச் சுருங்கக் கூறலாம். போர்க்காலத்தில் வடக்கும் கிழக்கும் பெரிதும் துன்புற்றன. 1999 இல் நாட்டிற் பதிவானோர் இரண்டரை இலட்சத்துக்கு மேல். எனினும் போர் நிகழ்ந்த பகுதிகளிலும் சுகாதார ஊழியர் பணி முற்றாக நின்றுவிடவில்லை. மருந்தூட்டிய நுளம்புவலை, நடமாடும் மருத்துவ நிலையம், பூச்சிகொல்லிகளை மாற்றி மாற்றி விசிறுதல், யாவற்றினும் மேலாக இடையறாத இரத்தச் சோதனை ஆகியன ஒருங்கே கையாளப்பட்டன. இந்நாட்டிலேயே தொற்றிய இறுதி நோயாளர் 2012 ஒற்றோபரிற் காணப்பட்டார். 2016 செத்தெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றுபடுத்தியது.

அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் வேறொரு நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. அனோபிலீசு இசுடீபென்சி எனப்படும் இது இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது. முன்னர் இங்கே அறியப்படாதது. ஆற்றுக் குட்டையை இது நாடுவதில்லை; கிணறும் சீமெந்துத் தொட்டியுமே இதற்குப் போதும். சில ஆண்டுகளுள் யாழ்ப்பாணத்திலும் இது கண்டறியப்பட்டது. எமது குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. ஆனால் கிணறில்லாத வளவு எமது ஊரில் எது? மலேரியா உள்ள நாடுகளுக்குச் சென்று திரும்புவோரிடம் நோய் இன்றும் காணப்படுவதால், அவர்தம் இரத்தத்தைச் சோதிக்கும் பணி தொடர்கின்றது. மன்னாரிற் கிணறுகளுள் குடம்பியுண்ணும் மீன்கள் விடப்பட்டுள்ளன.