மூன்றாவது ஆள்

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கமும் மலை. நடுவே நெல், தென்னை, திராட்சைப் பந்தல். அறுப்பு முடிந்த நேரமாக இருந்தால் கூடுதலாக இன்னொரு காட்சியும் உண்டு. தாள் மட்டும் நிற்கும் வயலில் மூன்று குச்சிகளை நட்டு, ரப்பர் பந்தில் கிரிக்கெட் நடந்துகொண்டிருக்கும்.

சின்னமனூர் தாண்டி ஒருமுறை பஸ் ரிப்பேராகி நின்றது. இறங்கிப்போய் வரப்பில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷத்தில் சண்டை!

"பேட்ல படவே இல்லடா!"

"பட்டுச்சு மாப்ள, சத்தம் கேட்டுச்சுல்ல..."

"அம்பயரு உங்க ஆளு. அவன் எப்படிடா அவுட் குடுப்பான்?"

நீங்களும் தெருவில் ஆடியிருந்தால் இந்தச் சட்டம் தெரியும். பேட்டிங் டீமில் யார் சும்மா இருக்கிறானோ அவன்தான் அம்பயர். அதனால்தான் தெரு கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ. என்ற சமாசாரமே கிடையாது. காலில் பட்ட பந்து ஸ்டம்புக்குப் போயிருக்குமா, போயிருக்காதா? அதைச் சொல்ல, இரண்டு பக்கமும் நம்பும் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத இடத்தில் அந்த விதியும் இல்லை!

வயலில் சண்டை போட்ட பையன்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை... அந்த வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரியாறு விஷயமும் ஒருமுறை 'அம்பயர்' ஒருவரிடம் போயிருக்கிறது. 1886-ல் சென்னை மாகாணத்துக்கும் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் 999 வருஷக் குத்தகை. 1895-ல் அணை திறப்பு. பென்னிகுயிக் கதை உங்களுக்குத் தெரிந்ததே. பின்னால், மலையிலிருந்து இறங்கும் அந்தத் தண்ணீரில் மின்சாரமும் எடுக்கலாமே என்று சென்னை அரசு ஆசைப்பட்டது. "பாசனத்துக்குத்தான் கொடுத்தோம், மின்சாரத்துக்கு இல்லை" என்றது திருவிதாங்கூர். ஆளுக்கொரு மத்தியஸ்தரைப் போட்டார்கள். நடந்தது என்ன? நம் சின்னமனூர் வயலில் நடந்ததுதான். இரண்டு மத்தியஸ்தர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. விவகாரம் சர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி என்பவரிடம் போனது. சட்ட பாஷையில் அவருக்குப் பதவிப்பெயரே 'அம்பயர்'தான்! ஆள் வங்காளி. மெட்ராஸும் அவருக்குச் சொந்த ஊர் இல்லை, திருவனந்தபுரமும் இல்லை. திருவிதாங்கூருக்காக வாதாடியவர் அதன் திவான் சர் சி.பி.ராமசாமி ஐயர். அசல் தமிழர்! 1941-ம் வருஷம் மே 12-ம் தேதி அம்பயர் விரலைத் தூக்கினார். அவுட் ஆனது நாம். தண்ணீர் பாசனத்துக்கு மட்டுமே என்பது தீர்ப்பு. மின்சாரம் எடுக்கும் உரிமை நமக்கு எழுத்தில் கிடைக்க, 1970-ல் போட்ட துணை ஒப்பந்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

'அம்பயர்' என்ற சொல்லுக்கே ஒரு கதை உண்டு. பழைய பிரெஞ்சில் 'நோன்பெர்' என்றால் ஜோடியில் சேராதவன், ஒற்றை ஆள். இரண்டு பேர் மோதும்போது எந்தப் பக்கத்திலும் சேராமல் தனியாக நிற்கும் மூன்றாவது ஆள். இங்கிலீஷ்காரர்கள் இதை வாங்கி 'ஏ நம்பயர்' என்று சொல்லிச் சொல்லி, காலப்போக்கில் 'அன் அம்பயர்' ஆக்கிவிட்டார்கள்.

'ரெஃபரி' கதை இன்னும் சுவாரஸ்யம். ரக்பியிலும் கால்பந்திலும் ஆரம்பத்தில் நடுவரே கிடையாது. இரண்டு கேப்டன்களும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். கனவான்கள் ஏமாற்ற மாட்டார்கள் என்று நம்பிக்கை! கனவான்கள் நன்றாகவே சண்டை போட்டார்கள். பிறகு ஆளுக்கொரு அம்பயரை அழைத்து வந்தார்கள். அவர்களுக்குள்ளும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் மூன்றாவதாக ஒருவரிடம் விவகாரத்தை 'ரெஃபர்' செய்தார்கள். அவரே ரெஃபரி. இன்று ரக்பியில் அவருக்கு இருக்கும் மரியாதையைப் பார்த்தால் ஆச்சர்யமாக இருக்கும். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள மலை மாதிரி ஆட்கள், தங்களில் பாதி சைஸ் இருக்கும் ரெஃபரியை 'சார்' என்று கூப்பிட்டுக் கைகட்டி நிற்கிறார்கள்!

கிரிக்கெட்டுக்கு இந்தப் புத்தி வர ரொம்ப நாள் பிடித்தது. சர்வதேச டெஸ்ட் மேட்ச்சிலேயே இரண்டு அம்பயர்களும் போட்டியை நடத்தும் நாட்டுக்காரர்கள்தான். கிட்டத்தட்ட நம் வயல் சட்டம்! வெளிநாடு போய்த் தோற்ற எல்லா டீமும் ஊர் திரும்பியதும் சொன்ன முதல் வார்த்தை, "அம்பயர் மோசம்." 1987-ல் ஃபைசலாபாத்தில் இங்கிலாந்து கேப்டன் மைக் கேட்டிங்கும் பாகிஸ்தான் அம்பயர் ஷகூர் ராணாவும் மைதான நடுவிலேயே விரல் நீட்டிச் சண்டை போட, ஒரு நாள் ஆட்டமே நின்றுபோனது. அதற்கு முந்தைய வருஷம்தான் லாகூரில் பாகிஸ்தான் ஒரு நல்ல காரியம் செய்திருந்தது. வெஸ்ட் இண்டீஸுடன் ஆடிய டெஸ்ட்டுக்கு இரண்டு இந்தியர்களை அழைத்து அம்பயராக நிறுத்தியது. வி.கே.ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர். பாகிஸ்தான் மண்ணில், இந்திய அம்பயர்கள்!

அந்த வழியில்தான், அடுத்த சில வருஷங்களில், ஒரு மெட்ராஸ்காரர் வந்தார்.

எஸ்.வெங்கட்ராகவன். 1945-ல் பிறந்தவர். கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ் தயாரிப்பு. 1965-ல், இருபது வயது நிறைவதற்கு முன்பே நியூஸிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆட வந்தார். அந்தத் தொடரின் டெல்லி மேட்ச்சில் ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட்! பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட் என்று உலகமே பயந்த சுழல் நால்வரில் ஒருவர். 1971-ல் வெஸ்ட் இண்டீஸை அதன் மண்ணிலேயே நாம் முதன்முதலாக ஜெயித்தபோது அவர் எடுத்தது 22 விக்கெட்.

ஆனாலும் பாருங்கள், இவ்வளவு செய்தவருக்கு டீமில் இடம் நிச்சயமில்லை. பிரசன்னாவும் ஆஃப் ஸ்பின், இவரும் ஆஃப் ஸ்பின். ஒருவர் உள்ளே என்றால் மற்றவர் வெளியே. 1974 டிசம்பரில் டெல்லியில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக இவர் இந்தியாவின் கேப்டன். அடுத்த டெஸ்ட் கல்கத்தாவில். அங்கே இவர் என்ன தெரியுமா? பன்னிரண்டாவது ஆள்! கேப்டனாக டாஸ் போட்டவர் அடுத்த மேட்ச்சில் தண்ணீர் கொண்டுபோகிற அதிசயம் இந்திய கிரிக்கெட்டில்தான் நடக்கும்.

முதல் இரண்டு உலகக் கோப்பைகளிலும், 1975-லும் 1979-லும், இந்தியாவின் கேப்டன் இவர்தான். இரண்டுமே சோகக் கதை. 60 ஓவர் முழுக்க நின்று கவாஸ்கர் 36 ரன் எடுத்தாரே, அந்த மேட்ச்சும் இவர் கணக்கில்தான். 1979 இங்கிலாந்து டூரை முடித்துக்கொண்டு விமானத்தில் திரும்பி வரும்போது, இனி கேப்டன் கவாஸ்கர் என்ற செய்தியை விமானி மைக்கில் அறிவித்தார் என்பது கிரிக்கெட் உலகம் இன்றும் சொல்லும் கதை. பதவி போன விஷயம் அந்தரத்தில் வைத்துத் தெரிகிறது. கூடவே மொத்த டீமும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்த சீட்டில் உங்களை உட்கார வைத்து யோசித்துப் பாருங்கள்.

1983-ல் கடைசி டெஸ்ட். மொத்தம் 57 டெஸ்ட், 156 விக்கெட். அடுத்தவர்கள் எடுத்த முடிவுகளால் இத்தனை அடிபட்ட மனிதர், அந்தத் திசைக்கே கும்பிடு போட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருக்கலாம். யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பத்து வருஷம் கழித்து, 1993 ஜனவரியில், வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு மைதானத்துக்குள் திரும்பி வந்தார். முதல் டெஸ்ட் கல்கத்தாவில். ஆமாம், பன்னிரண்டாவது ஆளாக உட்கார வைக்கப்பட்ட அதே ஊர்!

டெஸ்ட் ஆடிய பெரிய வீரர்கள் அம்பயராவது நம் நாட்டில் அபூர்வம். வர்ணனைக்குப் போவார்கள், தேர்வுக் குழுவுக்குப் போவார்கள். வெயிலில் ஆறு மணி நேரம் நின்று அடுத்தவன் ஆடுவதைப் பார்க்க யாருக்குப் பொறுமை? அதுவும் இவர் ஆடும் காலத்தில் கோபக்காரர் என்று பெயர் வாங்கியவர். அந்தக் கடுகடு முகம் மட்டும் மாறவில்லை. கோபம் எங்கே போனதென்றுதான் தெரியவில்லை! ரன் அவுட்டுக்கு டி.வி.யைப் பார்க்கும் மூன்றாவது அம்பயர் முறை 1992 கடைசியில்தான் வந்திருந்தது. மற்றபடி பந்தின் பாதையைக் கோடு போட்டுக் காட்டும் கம்ப்யூட்டரெல்லாம் கிடையாது. எல்.பி.டபிள்யூ. என்றால் கண்ணும் காதும்தான். பந்தைச் சுழற்றியே வாழ்ந்த மனிதருக்கு, சுழன்ற பந்து எங்கே போகும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

1994-லிருந்து ஒவ்வொரு டெஸ்ட்டிலும் ஒரு அம்பயர் மூன்றாவது நாட்டுக்காரராக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. வெங்கட்டுக்கு உலகமே திறந்துகொண்டது. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஜென்மப் பகையாகக் கருதும் ஆஷஸ் தொடரில் நடுவே நிற்க இவரைக் கூப்பிட்டார்கள். 1999 உலகக் கோப்பை அரையிறுதி ஞாபகமிருக்கிறதா? ஆஸ்திரேலியா 213, தென்னாப்பிரிக்கா 213. கடைசி விக்கெட், க்ளூஸ்னர் ஓட, டொனால்ட் பேட்டைக் கீழே போட்டுவிட்டுத் திகைக்க... ஒருநாள் கிரிக்கெட்டின் ஆகச் சிறந்த ஆட்டம் என்று பலர் சொல்லும் அந்த மேட்ச்சின் இரண்டு அம்பயர்கள் டேவிட் ஷெப்பர்டும் நம் வெங்கட்டும்தான். இரண்டு நாடுகளுக்கும் வாழ்வா சாவா. ஆட்டம் முடிந்தபின் டொனால்டைத் திட்டினார்கள், க்ளூஸ்னரைத் திட்டினார்கள். அம்பயரைப் பற்றி யாரும் பேசவில்லை. என்னைக் கேட்டால், அந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டுப் பத்திரம் கிடையாது.

2002-ல் ஐ.சி.சி. உலகம் முழுவதிலிருந்தும் எட்டே எட்டு பேரைப் பொறுக்கி எலைட் பேனல் அமைத்தது. அதில் ஒரே இந்தியர் வெங்கட். அதே வருஷம் விதியும் இன்னொரு படி போனது. இனி டெஸ்ட்டில் இரண்டு அம்பயர்களுமே வெளியாட்கள்! அப்படியென்றால், உலகத்தின் தலைசிறந்த அம்பயர்களில் ஒருவர் என்று முத்திரை குத்தப்பட்ட அந்த வருஷத்திலிருந்து, அவர் சேப்பாக்கத்தில் நம் டெஸ்ட்டில் நிற்க முடியாது. கல்கத்தாவில் முடியாது. இந்தியா ஆடும் டெஸ்ட் எதிலுமே முடியாது. ஊரார் எல்லாம் நம்ப வேண்டுமானால் சொந்த ஊரை விட்டு விலகி நிற்க வேண்டும் என்கிற இந்தக் கணக்கு எனக்குக் கொஞ்சம் கொடுமையாகவே படுகிறது.

2003-ல் பத்மஸ்ரீ. 2004 ஜனவரியில் ஓய்வு. அம்பயராக 73 டெஸ்ட்கள், வீரராக ஆடியதைவிடப் பதினாறு அதிகம்! இன்றுவரை எந்த இந்திய அம்பயரும் அந்த எண்ணைத் தொடவில்லை.

வெங்கட் சென்னைக்காரர், கிரிக்கெட்டும் பெரிய ஊர் ஆட்டம் என்பீர்கள். 2016-ல் ஃபிஃபாவின் சர்வதேச நடுவர் பட்டியலில் இடம்பிடித்த ரூபா தேவி, தேனிக்குப் பக்கத்து ஜில்லாவான திண்டுக்கல்லைச் சேர்ந்தவர். கால்பந்து ஆடிக்கொண்டிருந்த பெண், கையில் விசிலை எடுத்தார்.

சரி, சின்னமனூர் சண்டை என்ன ஆயிற்று? டாஸ் போட்டுத் தீர்த்தார்கள்! பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்ததால், "பொங்கல் டோர்னமென்ட்டுக்கும் இப்படித்தானா?" என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் போடியிலேருந்து ஒரு டிரில் மாஸ்டரைக் கூட்டியாந்துருவோம்ணே" என்றான் ஒருவன். உள்ளூரில் ஆளே இல்லையா? "இருக்காங்க. ஆனா எல்லாரும் யாராச்சும் ஒருத்தனுக்கு மாமனோ சித்தப்பாவோ ஆயிர்றாங்களே!"

"எவ்வளவு கொடுப்பீங்க?"

"பஸ் காசு, புரோட்டா. அப்புறம் ஒரு கண்டிசன் போடுவாரு. பரிசு குடுக்குறதுக்கு முன்னாடியே அவரை பஸ் ஏத்தி விட்றணும்."