1801: நம் சீமையைப் புரட்டிப்போட்ட வருஷம்

கல்லல் பக்கத்து அரண்மனைச் சிறுவயலுக்குப் பேரிலேயே அரண்மனை இருக்கிறது. அது சின்ன மருதுவின் அரண்மனை. அது அழிந்த வருஷம் 1801. நம் சிவகங்கைச் சீமையின் சரித்திரத்தில் அப்படி ஒரு வருஷம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்பேன்.

வருஷத் தொடக்கமே பரபரப்பு. பிப்ரவரி மாதம் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பினார். மே மாதம் அதுவும் விழுந்தது. அடைக்கலம் தேடி அவர் வந்தது நம் சிறுவயலுக்குத்தான். வந்தவரைக் காட்டிக்கொடுக்க மருது சகோதரர்களுக்கு மனம் வரவில்லை.

ஜூனில் சின்ன மருது ஓர் அறிவிப்பு எழுதித் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டவைத்தார். சாதி வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் கும்பெனியாரை எதிர்த்துக் கிளம்ப வேண்டும் என்பது அதன் சாரம். 1857க்கு 56 வருஷம் முந்திய அழைப்பு இது.

ஜூலைக் கடைசியில் கர்னல் அக்னியூவின் படை சிறுவயலுக்கு வந்தது. அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட ஒரு மாதம் பாடுபட்டும் முடியாமல் திரும்பினார்கள். காடு நம்மவர்கள் பக்கம் நின்றது. ஆயுதத்தால் முடியாததை அரசியலால் சாதித்தார்கள். படமாத்தூர் கௌரி வல்லபரைச் செப்டம்பரில் சோழபுரத்தில் ஜமீன்தாராக அறிவித்ததும் ஜனங்கள் இரண்டுபட்டார்கள். அக்டோபர் 1ஆம் தேதி காளையார்கோவில் விழுந்தது. 24ஆம் தேதி திருப்பத்தூரில் சகோதரர்கள் இருவரையும் தூக்கிலிட்டார்கள். நவம்பரில் ஊமைத்துரைக்கும் அதே முடிவு.

இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. என் மனதை அறுப்பது அதற்குப் பிறகு நடந்தது. 1802 பிப்ரவரியில் எழுபதுக்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். அதில் சின்ன மருதுவின் இளம் வயது மகன் துரைச்சாமியும் ஒருவர். ஒரு காலத்தில் சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்ட வெல்ஷ் என்ற கும்பெனி அதிகாரிதான் அந்தக் கைதிகளுக்குக் காவல். 1818இல் அதே வெல்ஷ் பினாங்கு போனபோது தளர்ந்துபோன ஒரு மனிதர் எதிரில் வந்து நின்றார். அவர்தான் துரைச்சாமி. ஊரில் மிஞ்சிய உறவுகளுக்கு ஒரு கடிதம் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லிக் கேட்டார். கடமை தடுத்ததால் மறுத்துவிட்டதாக வெல்ஷே தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

பின்னாளில் நம் நகரத்தார் அதே பினாங்குக்குக் கொண்டுவிக்கப் போனார்கள். கிட்டங்கி வைத்தார்கள், 1857இல் தண்ணீர்மலையில் முருகனுக்குக் கோயில் கட்டினார்கள். அவர்கள் எழுதிய கடுதாசிகள் ஒழுங்காக ஊர் வந்து சேர்ந்தன. நம் வீடுகளில் பெட்டி பெட்டியாக அவை இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கு முன்னே விலங்கோடு அங்கே போன நம் சீமைக்காரர் ஒருவரின் கடிதம் மட்டும் கடல் தாண்டவில்லை. பேரன் பேத்திகளுக்குப் பினாங்குக் கதை சொல்லும்போது துரைச்சாமியின் பேரையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.