காரைக்காலாரும் பிரெஞ்சுப் பாடமும்

விருதுநகரை அடுத்த ஆனைக்குட்டம் போன்ற ஊர்களில் வெள்ளைக்காரன் பாஷை என்றால் அது ஆங்கிலந்தான். 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்காலில் நிலை வேறு. அங்கே நீதிமன்றமும் நிருவாகமும் பிரெஞ்சில் நடந்தன. 1859இல் பிரெஞ்சுப் படை சைகோனைக் கைப்பற்றிய பின்னர், கடல் கடந்து அங்குத் துணிக்கடை வைத்த காரைக்கால் முஸ்லிம்களுக்கு அம்மொழி பிழைப்புக் கருவியுமாயிற்று. சைகோனில் இந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் அவ்வணிகத்தின் சுவடாக இன்றும் நிற்கிறது.

அக்கால அச்சுநூல்களுள் பெயர்பெற்றவை பலவும் எதிர்த்திசை நோக்கியவை. முஸ்ஸே, துப்புய் ஆகிய பாதிரிமாரின் தமிழ் - பிரெஞ்சு அகராதி (1855, 1862), துப்புய்யின் இலக்கணம் (1863), ழூலியேன் வேன்சோனின் கையேடு (1903) ஆகியன பிரெஞ்சுக்காரர் தமிழ் கற்க எழுந்தவை. பிரெஞ்சு கற்கப் புகுந்த நம்மவர்க்கு வேறொரு துணை இருந்தது என்பது என் துணிபு. அது மத்ரஸாவில் ஓதிய அறபு இலக்கணம்.

தமிழில் மேசையும் நூலும் அஃறிணை. அவற்றுக்கு ஆண்பால் பெண்பால் இல்லை. ஆகவே 'லெ', 'லா' என்னும் முற்சொற்களைக் கண்டதும் தமிழ் மாணவர் திகைக்கின்றனர். நஹ்வு படித்தவருக்கு முஅன்னஸும் முதக்கரும் பழகியவை; 'அல்' என்னும் முற்சேர்க்கையும் அவ்வாறே. அறபுக் 'கிதாப்' ஆண்பால், பிரெஞ்சு 'லிவ்ர்' ஆண்பால். 'மதீனா' பெண்பால், நகரைக் குறிக்கும் 'வில்' பெண்பால். இதை நம்பி மேலும் நடந்தால் இடறுவோம்: அறபில் சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால், பிரெஞ்சில் 'லெ ஸொலேய்', 'லா லூன்' என நேர்மாறு. பால்பாகுபாடு உண்டு என்ற அறிவே அறபு தரும் கொடை. எச்சொல் எப்பால் என்பதைச் சொல்லோடு சேர்த்தே மனனம் செய்தாக வேண்டும்.

ஒலிப்பிலும் ஓர் ஒப்புமை காண்கிறேன். பன்மைக்குரிய 'லே'யின் இறுதியில் எழுதப்படும் மெய் தனித்து ஒலிப்பதில்லை. உயிரில் தொடங்கும் சொல் தொடர்ந்தால் அறபு 'ஸாய்' போல் ஒலித்து, நண்பர்களைக் குறிக்கும் சொல் 'லேஸாமி' என்றாகும். வக்ஃபில் மறையும் உயிர்க்குறி வஸ்லில் ஒலிப்பதை அறிந்த காரிக்கு இது புதுமையன்று. அறபில் மறைவது உயிர், இங்கு மெய், அவ்வளவே வேற்றுமை. துணி வணிகருக்கு 'கொத்தோன்' என்ற பருத்திச் சொல்லும் அந்நியமன்று. அது அறபுக் 'குத்ன்' ஈன்ற சொல்.

அறபு உதவாத இடத்தில் தமிழ் உதவும். 'த்யூ', 'வூ' என்பன நம் நீ, நீங்கள். கணக்குத்தான் இரண்டுக்கும் அடங்காதது: எழுபதை 'அறுபது பத்து' என்றும், எண்பதை 'நான்கு இருபது' என்றும் எண்ணுவர். கடையில் சில்லறை கொடுப்பவன் இதில் தடுமாறினால் நட்டம் அவனுக்கே.

1954இல் காரைக்காலின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவேறியது. அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் விருப்பம் தெரிவித்தோர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்தனர். அவர்தம் வழியினர் பலர் இன்று பிரான்சில் வாழ்கின்றனர். அவர்களிடம் செல்ல ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கும் முதற்பாடம் 'லெ', 'லா'வே.