அம்மி பொளிந்தவர் பெயர் என்ன?



போன கிழமை இடியப்ப உரல் கைதவறி விழுந்து, எங்கள் குசினி கிரனைட் பலகையின் ஓரத்தில் இரண்டு ரூபாய்க் குற்றி அளவு ஒரு துண்டு தெறித்துவிட்டது. பலகை வாங்கிய கடையில் கேட்டேன். "முழுப் பலகையையும் மாத்தினாத்தான் சரிவரும் டீச்சர்" என்றார்கள்.

ஊரில் டைல்ஸ் வேலை செய்யும் மேசன் பாஸ் வந்தார். முதலில் கேட்டது, "தெறிச்ச துண்டை எறிஞ்சிட்டீங்களா?" என்றுதான். நல்லவேளை, எறியவில்லை. எண்ணெய்ப் பசை போகக் கழுவிக் காயவைத்து, எபொக்சிப் பசையால் ஒட்டினார். மிச்ச இடைவெளிக்கு அதே பசையில் கல்தூளைக் குழைத்து, சற்று மேடாகவே நிரப்பினார். மறுநாள் பிளேடால் வழித்து மட்டமாக்கி மினுக்கினார். "சுடுசட்டிய மட்டும் இதுக்கு மேல வெக்காதீங்க" என்றார். அவ்வளவுதான்.

அவர் போன பிறகு உம்மும்மாவின் அம்மி ஞாபகம் வந்தது.

அரைக்க அரைக்க அம்மி வழுவழுப்பாகிவிடும். அப்போது மிளகாய் அரைபடாது, வழுக்கிக்கொண்டு ஓடும். நோன்புக்கு முந்திய நாட்களில் உளியும் சுத்தியலும் வைத்த சாக்குப் பையோடு ஒருவர் வருவார். முற்றத்தில் குந்தியிருந்து, கல் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகளாகப் பொளிவார். உடைந்த மூலை இருந்தால் அதையும் கொத்தி உருட்டிவிடுவார். கல்தூள் போகும்வரை உம்மும்மா இரண்டு மூன்று தரம் பச்சரிசியை அரைத்து எறிவார். அதன்பிறகுதான் சம்பல்.

இந்தக் கல் எங்கள் பக்கத்துக் குசினிகளுக்குப் புதிதல்ல. 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1679இல் தப்பிப் போகும்வரை கண்டி இராச்சியத்தில் இருந்தவர். அதில் பல வருடங்கள் உடுநுவரையின் எலதெத்தயில் வாழ்ந்தார். 1681இல் லண்டனில் வெளிவந்த அவருடைய நூலில் சாதாரண வீடுகளில் இருந்த தட்டுமுட்டுச் சாமான்களை எண்ணிச் சொல்கிறார். மண் சட்டிகள், உலக்கை, தேங்காய் துருவி, இவற்றோடு மிளகும் மஞ்சளும் அரைக்கும் தட்டைக் கல்லும், கையில் பிடிக்கும் இன்னொரு கல்லும் அந்தப் பட்டியலில் உண்டு. அம்மியும் குழவியும்தான், வேறென்ன! கல்லை எழுதிய நொக்ஸ், அந்த இடத்தில் அதைப் பொளிந்தவரை எழுதவில்லை.

பிலிமத்தலாவைக்குப் பக்கத்தில் கடலாதெனிய விகாரை இருக்கிறது. நான்காம் புவனேகபாகு காலத்தில், 1344இல், தென்னிந்தியப் பாணியில் கல்லால் கட்டியது. கட்டிய தலைமைச் சிற்பி கணேஸ்வராச்சாரி என்று அங்குள்ள பாறைக் கல்வெட்டே சொல்கிறது. ஏறக்குறைய 680 வருடங்கள் கழித்தும் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. விகாரைக்கு வேலை செய்தவர் அவர். குசினிக்கு வேலை செய்தவரின் பெயரை முப்பது வருடத்திலேயே மறந்துவிட்டோம்.

1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்தது. மத்திய கிழக்குக்குப் போனவர்கள் பிளெண்டர் கொண்டுவந்தார்கள். அம்மி கிணற்றடிக்குப் போனது. பொளிகிறவர் வருவதும் நின்றது.

இந்தக் கிழமை உம்மாவிடம் கேட்டேன். "தோட்டத்துத் தமிழாள், நல்ல மனுஷன்" என்றார். மாமாவோ, "இல்ல, கீழ்க்கிராமத்துச் சிங்கள ஆள்" என்கிறார். பெயர் இருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு வருடமும் எங்கள் முற்றத்தில் பிளேன்டீ குடித்த மனிதர் அவர். தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் உம்மும்மா. அவர் மௌத்தாகிவிட்டார். வரலாறு படிப்பிக்கிற நான், அவர் இருந்தபோது ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

அதனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இம்முறை ஒரு வீட்டுவேலை கொடுத்திருக்கிறேன். வீட்டில் அம்மி இருந்தால், அது எங்கிருந்து வந்தது, யார் பொளிந்தார் என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வர வேண்டும்.

உங்களுக்கும் அதே வீட்டுவேலைதான். இன்றிரவே கேளுங்கள். பெயர் கிடைத்தால் கீழே எழுதுங்கள். ஊரின் பெயரோடு.