திடீர்ச் சத்தமும் மூளையும்: ஒரு சின்ன வரலாறு

பி.காம் படிக்கும் எனக்கு மூளையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்காதீர்கள். நம் கணக்குப் பாடத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. போகப்போகத் தெரியும்.

எங்கள் சித்தேரி மலைப்பக்கம் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் பல ஊர்களில் ஒருவர் தனக்குத்தானே பேசினால், காதில் யாரோ கூப்பிடுவதாகச் சொன்னால், "காத்து கருப்பு அடிச்சிருச்சு" என்பார்கள். இல்லையென்றால் "வேலைக்குப் போக சோம்பல், நடிக்கிறான்" என்பார்கள். இந்த இரண்டு பேச்சுக்கும் பதில் சொல்லும் ஒரு சின்ன மின் அலையின் கதைதான் இது.

1893-ல் ஜெர்மனியில் ராணுவப் பயிற்சியில் இருந்த ஹான்ஸ் பெர்கர் என்ற இளைஞர் குதிரையிலிருந்து விழுந்தார். பீரங்கி வண்டிச் சக்கரத்தில் சிக்காமல் மயிரிழையில் தப்பினார். அன்றைக்கே வீட்டிலிருந்து தந்தி வந்தது, நலமா என்று. அவருடைய சகோதரிக்கு மனசு சரியில்லையாம்! ஒருவர் எண்ணம் இன்னொருவருக்கு எப்படிப் போகும் என்று தேடக் கிளம்பிய பெர்கர், மனநல மருத்துவர் ஆனார். தேடியது கிடைக்கவில்லை. ஆனால் 1924-ல் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1929-ல் அதை வெளியிட்டார். அதுதான் இன்றைய ஈ.ஈ.ஜி.

இதில் ஒரு சிக்கல். ஒரு சத்தத்துக்கு மூளை தரும் பதில் மிகச் சிறியது. மற்ற அலைகளில் மூழ்கிவிடும். அதனால் அதே சத்தத்தைப் பல நூறு தடவை ஒலிக்கவிட்டு சராசரி எடுத்தார்கள். இந்த வழியில் 1965-ல் அமெரிக்காவில் சாமுவேல் சட்டனும் குழுவினரும், எதிர்பாராத சத்தம் வந்த சுமார் 300 மில்லி விநாடியில் ஓர் அலை எழுவதைக் காட்டினார்கள். 1978-ல் பின்லாந்தின் ரிஸ்டோ நேட்டனென் குழுவினர் அதற்கும் முந்தி எழும் இன்னோர் அலையை விவரித்தார்கள். பெயர் மிஸ்மேட்ச் நெகட்டிவிட்டி.

சோதனை எளிது. ஒரே மாதிரி "பீப்" சத்தம் வந்துகொண்டே இருக்கும். நடுவில் எப்போதாவது கொஞ்சம் நீளமான ஒரு "பீப்". கேட்பவர் கவனிக்கவே வேண்டாம், புத்தகம் படித்துக்கொண்டிருக்கலாம். ஆனாலும் கால் விநாடிக்குள் மூளை "இது வேறு" என்று குறித்துவிடும்.

நம் ஸ்டாண்டர்டு காஸ்டிங் ஞாபகம் வருகிறதா? எதிர்பார்த்த செலவு ஒன்று, வந்த செலவு ஒன்று, வித்தியாசம் வேரியன்ஸ். மூளையும் அடுத்து வரப்போவதை முன்கூட்டியே எழுதி வைத்து, வித்தியாசத்தை மட்டும் பதிவு செய்கிறது என்று பல ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள்.

மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு இந்த அலை சராசரியாகச் சிறிதாக இருப்பதை 1991-ல் ஓர் ஆய்வு சொன்னது. பிறகு பல நாடுகளில் அதே முடிவு வந்தது. 2000-ல் ஆரோக்கியமானவர்களுக்கு கெட்டமைன் என்ற மருந்தைக் கொடுத்தபோதும் அலை குறைந்தது. ஆகவே மூளையின் குளூட்டமேட் என்ற ரசாயனத்தின் வேலையில் ஏதோ கோளாறு என்ற சந்தேகம் வலுத்தது.

கவனியுங்கள், இந்த அலை நம் விருப்பத்தைக் கேட்டு எழுவதில்லை. கவனிக்காதபோதும் எழும் ஒன்றை நடித்துக் குறைப்பது எப்படி? பேய் எங்கே வந்தது? அதே சமயம் இதை வைத்து "உனக்கு நோய்" என்று ஒரு தனி மனிதரிடம் சொல்லிவிட முடியாது. நோயாளிகளின் அளவும் மற்றவர்களின் அளவும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. சராசரி வேறு, ஆள் வேறு.

இதை நாம் தெரிந்துகொள்வது வெறும் பொது அறிவுக்காக இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நோயை நோய் என்று நினைக்காததன் விலை அது.

மறுபக்கமும் நம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு 1961-லிருந்து தலைமை வகித்தவர் டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1984-ல் அவர் தொடங்கியதுதான் சென்னையின் 'ஸ்கார்ப்' அமைப்பு. முதல் தடவை நோய் கண்ட 90 பேரை டாக்டர் ஆர். தாராவும் குழுவினரும் சென்னையில் வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். பத்து ஆண்டு முடிவில் பெரும்பாலோர் நன்றாகத் தேறியிருந்தார்கள்.

எனவே நண்பர்களே, பக்கத்து வீட்டில் யாராவது இப்படித் தவித்தால் பூசாரிக்கு முன்னால் டாக்டரைச் சொல்லுங்கள். அரசின் 'டெலி மானஸ்' எண் 14416, கட்டணம் இல்லை. உங்கள் கருத்துகளைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்!