படப் புத்தகம் அறிவு நூலாகத்தான் பிறந்தது

குழந்தைக்குப் புத்தகம் வாங்கும்போது நம்மில் பலர் மனதுக்குள் இரண்டு பட்டியல் வைத்திருக்கிறோம். வண்ணப் படங்களோடு வரும் கதை நூல் பிள்ளை மகிழ்ந்து படிப்பதற்கு. அறிவியலோ வரலாறோ சொல்லும் நூல் மதிப்பெண்ணுக்கு. இரண்டாவது வகையில் படம் சுமாராக இருந்தாலும் நடை வறண்டிருந்தாலும் பொறுத்துக்கொள்கிறோம், பயனுள்ள நூல்தானே என்று. கதை ஒரு பக்கம், தகவல் ஒரு பக்கம் என்ற இந்தப் பாகப்பிரிவினை குழந்தையின் இயல்பிலிருந்து வந்ததாகவே பெரும்பாலோர் நம்புகிறார்கள். குழந்தை நூல்களின் வரலாற்றைப் பார்த்தால், அது குழந்தைகளுக்காகத் தேர்வு செய்த பெரியவர்கள் உண்டாக்கியது என்பது தெரியும். ஐரோப்பாவில் குழந்தைகளுக்கென்றே அச்சான முதல் படப் புத்தகம் என்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் சொல்லும் நூலில் கதையே கிடையாது. அது முழுக்க முழுக்க உலகத்தைப் பற்றிய நூல்.

1658-இல் நூரம்பர்க் நகரில் வெளியான அந்த நூலின் பெயர் 'ஆர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்'. புலன்களுக்குத் தெரியும் உலகத்தைப் படமாகக் காட்டுவது என்பது பொருள். எழுதியவர் மொராவியாவைச் சேர்ந்த கொமேனியஸ். மதப்போரில் நாட்டை இழந்து ஊர் ஊராக அலைந்தவர். 1656-இல் போலந்தின் லெஷ்னோ நகரம் எரிந்தபோது நூலகத்தையும் பல கையெழுத்துப் படிகளையும் பறிகொடுத்தவர். ஹங்கேரியின் ஷாரோஷ்பதாக்கில் பள்ளியைச் சீரமைக்கச் சென்ற ஆண்டுகளில் இந்த நூல் உருவானது. 150 அத்தியாயங்கள், ஒவ்வொன்றுக்கும் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட ஒரு படம். படத்தில் உள்ள பொருள்களுக்கு எண்கள் இருக்கும். கீழே லத்தீனிலும் ஜெர்மனிலும் உள்ள வாக்கியங்களில் அதே எண்கள் வரும். குழந்தையின் கண் படத்துக்கும் எழுத்துக்கும் இடையே போய்ப்போய் வர வேண்டும். நெருப்பு, மேகம், கால்நடை, ரொட்டி சுடுதல், காகிதம் செய்தல், அச்சுக்கூடம், நாவிதர் கடை, கப்பல் கவிழ்தல் எல்லாம் உண்டு. குற்றவாளிகளுக்குத் தரும் தண்டனைகளும், யூத, இஸ்லாமிய சமயங்களும்கூட உண்டு. ஆன்மாவை எப்படி வரைவது? மனித உருவத்தின் வெளிக்கோட்டை வெறும் புள்ளிகளால் நிரப்பிக் காட்டியிருக்கிறார்கள். குழந்தைக்கு இது புரியாது, அது வேண்டாம் என்று கொமேனியஸ் எதையும் கழித்துவிடவில்லை.

அது லத்தீன் கற்பிக்க எழுதிய பாடநூல்தானே, அதை எப்படி ரசிக்கும் நூல் என்பது என்று கேட்கலாம். பாடநூல்தான். ஆனால் முன்னுரையில் கொமேனியஸ் சொல்வதைக் கவனிக்க வேண்டும்: பள்ளிக்கு அனுப்பும் முன்பே வீட்டில் குழந்தையின் கையில் கொடுத்துவிடுங்கள், விருப்பம்போல் புரட்டி மகிழட்டும், படங்களைப் பார்த்து வரைய ஊக்குவியுங்கள் என்கிறார். முதலில் மகிழ்ச்சி, அந்த மகிழ்ச்சியின் வழியாக அறிவு என்ற வரிசை அவருக்குத் தெளிவாக இருந்தது. ஏறக்குறைய நூறாண்டுகள் கழித்து ஃபிராங்க்ஃபர்ட்டில் வளர்ந்த கதே, தம் சிறுவயதில் குழந்தைகளுக்கென்று இருந்த நூல்களைப் பேசும்போது இதைத்தான் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். பூமி நடுவில் நிற்க, வானம் அதைச் சுற்றுகிறது என்று தவறாகச் சொன்ன நூல் அது. தகவல் பழசான பிறகும் அதைப் பிள்ளைகள் விடவில்லை. அறிவு நூல்கள் சீக்கிரம் காலாவதியாகிவிடும், அதனால் பணம் போடுவது வீண் என்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். செய்தி பழையதாகலாம், உற்றுப் பார்க்கவும் பெயர் சொல்லவும் கேள்வி கேட்கவும் கற்றுத்தந்த முறை அத்தனை எளிதில் பழையதாவதில்லை.

பிளவு பின்னால் வந்தது. அதில் நூலகர்களுக்கும் விருதுக் குழுக்களுக்கும் பெரும் பங்குண்டு. அமெரிக்காவில் குழந்தை நூல்களுக்கான நியூபெரி விருது 1922-இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அதைப் பெற்றது ஒரு வரலாற்று நூல்: ஹென்றிக் வான் லூன் தாமே படம் வரைந்து எழுதிய 'மனிதகுலத்தின் கதை'. அதன்பின் வந்த நூறாண்டுகளில் அந்த விருதை வென்ற அபுனைவு நூல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கடைசியில் தகவல் நூல்களுக்கென்றே சைபர்ட் என்ற தனி விருதை 2001 முதல் கொடுக்கத் தொடங்கினார்கள். நூலகத்திலும் இதே தவறு நடந்தது. குழந்தை தன் அறையில் அன்றாடம் பார்க்கும் பொருள்களையே அழகாக அடுக்கிக் காட்டும் மார்கரெட் வைஸ் பிரவுனின் 'குட்நைட் மூன்' 1947-இல் வெளிவந்தது. தேவதைக் கதை மரபில் ஊறியிருந்த நியூயார்க் பொது நூலகம் அதை 1972 வரை வாங்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள்! அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள்.

சோவியத் ரஷ்யாவில் இதே சண்டை தலைகீழாக நடந்தது. அங்கே கற்பனைதான் குற்றவாளிக் கூண்டில் நின்றது. லெனினின் துணைவியார் குரூப்ஸ்கயா 1928-இல் 'பிராவ்தா' இதழில் சுகோவ்ஸ்கியின் 'முதலை' என்ற கதைப்பாடலைக் கண்டித்தார்; விலங்கைப் பற்றிய அறிவுக்குப் பதிலாகக் குழந்தைக்கு உளறல் தரப்படுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். மாக்சிம் கார்க்கி மறுத்து எழுதினார். ஆனால் அந்த ஆண்டுகளிலேயே, சாமுவேல் மார்ஷக்கின் தலைமையில் லெனின்கிராடில் கூடியிருந்த எழுத்தாளர்களும் ஓவியர்களும் இந்தச் சண்டையே தேவையற்றது என்பதைத் தங்கள் நூல்களால் காட்டிக்கொண்டிருந்தார்கள். மார்ஷக்கின் தம்பி இலின் வேதியியல் பொறியாளர். 1927-இல் விளக்குகளின் வரலாற்றை எழுதினார், அடுத்துக் கடிகாரத்தின் வரலாற்றை. 1929-இல் வந்த 'ஒரு லட்சம் ஏன்' நூலில் குழந்தையை ஒரு பயணம் அழைத்துப் போகிறார். எங்கே? வீட்டு அறைக்குள்ளேயே. தண்ணீர்க் குழாய், அடுப்பு, பாத்திர அலமாரி என்று நின்று நின்று போகும் பயணம். தண்ணீர் ஏன் நெருப்பை அணைக்கிறது என்பது அங்கே துப்பறியும் கதைபோல விரிகிறது.

அவை பிரசார நூல்கள் என்ற எதிர்ப்பு நியாயமானதே. ஐந்தாண்டுத் திட்டத்தைப் பற்றி இலின் 1930-இல் எழுதிய நூலில் அந்தத் திட்டத்துக்காக மக்கள் பட்ட துயரத்துக்கு இடமில்லை. ஆனால் ஆட்சி இறுகியபோது இந்தக் குழுவும் அடிபட்டது. அழகிய படங்களை வரைந்த விளாதிமிர் லெபெதேவை 1936-இல் 'பிராவ்தா' தாக்கியது. அரசியலை வாசகர் பிரித்தறிய வேண்டும். அதற்காக அந்த நூல்களின் செய்நேர்த்தியை விட்டுவிட்டால் நமக்குத்தான் நட்டம். அந்த மரபின் பயனைத் தமிழ்ப் பிள்ளைகளும் அனுபவித்தார்கள். பெரெல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' முதலில் 1913-இல் ரஷ்ய மொழியில் வந்தது. மாஸ்கோவில் தமிழாகி, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியே மலிவு விலையில் நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தது. சோவியத் அரசு மானியம் தந்ததால் சாத்தியமான விலை அது. 1991-இல் அந்த அரசு மறைந்ததும் வரத்தும் நின்றது.

தமிழிலேயே பெரும் முயற்சிகள் நடந்தன. பெ. நா. அப்புசுவாமி வாழ்நாள் முழுதும் அறிவியலைத் தெளிந்த தமிழில் எழுதினார். பெரியசாமி தூரன் பதிப்பாசிரியராக இருந்து, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தது. பெரியவர்களுக்கான கலைக்களஞ்சியத்தை முடித்த கையோடு, சற்றும் ஓயாமல், அதே உழைப்பைப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 'துளிர்' இதழை நடத்தி வருகிறது. ஆக, தமிழில் எழுத ஆளில்லை என்பது உண்மையில்லை. வண்ணப் படத்தோடு அச்சிடச் செலவாகும், அந்த விலைக்கு வாங்க ஆளில்லை என்ற பதிப்பாளரின் மறுப்புதான் வலுவானது. அதற்குப் பெற்றோரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நல்ல படப் புத்தகம் மலிவாகக் கிடைத்த காலங்களில் எல்லாம் பின்னால் ஓர் அரசோ பொது அமைப்போ இருந்திருக்கிறது.

எனவே பள்ளிக்கும் நூலகத்துக்கும் புத்தகம் தேர்வு செய்யும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கதை, பொது அறிவு என்ற தலைப்புகளை ஒதுக்கிவைத்துவிட்டு நூலைக் கையில் எடுங்கள். எழுத்து சொல்லாத ஒன்றைப் படம் சொல்கிறதா, எழுதியவருக்கு அந்தப் பொருள்மீது உண்மையான ஈடுபாடு இருக்கிறதா, பிள்ளை இரண்டாம் முறையும் தானாக எடுத்துப் புரட்டுமா என்று பாருங்கள். இவற்றில் தேறாத பொது அறிவு நூலைப் பயன் கருதிக்கூட வாங்காதீர்கள். தேறும் நூல் பூச்சியைப் பற்றியதானாலும் பாலம் கட்டுவதைப் பற்றியதானாலும் கூடுதல் படிகள் வாங்கி, பிள்ளைகள் கைக்கு எட்டும் தட்டில் வையுங்கள்.