சுமையும் சக்தியும்: கைக்கணினியின் சரித்திரம்

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் ஏ-32 நெடுஞ்சாலையில், திருக்கேதீஸ்வரத்தைக் கடந்து விடத்தல்தீவை அடைவதற்கு முன்னே வருகிற பாப்பாமோட்டை, ஒருபுறம் ஆழமற்ற கடலும் மறுபுறம் மாந்தையின் நெல்வயல்களும் அமைந்த சிற்றூர். எதைச் சுமந்து செல்வது, எதை விட்டுச் செல்வது என்ற கேள்வி இந்தக் கரைக்குப் புதிதன்று. சீனத்து மட்பாண்டங்களும் மேற்காசியப் பண்டங்களும் வந்திறங்கிய பண்டைய மாந்தைத் துறைமுகம் இதன் அயலிலேதான் இருந்தது. அங்கே அந்தக் கேள்வி வணிகர்களின் அன்றாட விசாரமாயிருந்திருக்கும். பிற்காலத்தில் அது துயரத்தின் கேள்வியாயிற்று. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோதும், 2008ஆம் ஆண்டில் யுத்தம் இச்சாலை வழியே வடக்கு நோக்கி நகர, மாந்தை மேற்கின் கிராமங்கள் ஒவ்வொன்றாக வெறிச்சோடியபோதும், ஒரு குடும்பத்தின் ஆஸ்தி என்பது கையில் தூக்க முடிந்த அளவுக்குச் சுருங்கிற்று. காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் பரீட்சைப் பெறுபேறும் பொலித்தீன் உறையில் அடங்கியதால் தப்பின; பாரமானவை பின்தங்கின.

மீளக்குடியமர்ந்த பின் பிறந்த பிள்ளைகள் உயர்தர வகுப்பை எட்டுகிற இந்நாளில், அதே கேள்வி சமாதான காலத்துக்குரிய வேறொரு உருவத்தில் வீடுகளில் எழுகிறது. பிள்ளை பல்கலைக்கழகம் போகப்போகிறது, கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் மாமா தொலைபேசியில், “பாரம் குறைஞ்சதை அனுப்பவோ, பவர் கூடினதை அனுப்பவோ?” என்று கேட்கிறார். வீட்டார் திகைக்கிறார்கள். கடைக்காரர் தம்மிடம் உள்ளதைச் சிபாரிசு செய்கிறார். இந்தத் திகைப்புக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு என்பதையும், அந்தச் சரித்திரத்தின் முதல் நாயகர் தமிழ் மண்ணில் வளர்ந்து தமிழ் பேசிய ஒருவர் என்பதையும் நம்மவர் பலர் அறியார்.

அவர் பெயர் ஆடம் ஒஸ்போர்ன். 1939இல் பாங்கொக்கில் பிறந்தவர். தந்தை ஆர்தர் ஒஸ்போர்ன், ரமண மகரிஷியின் பக்தராகி, அவரைப் பற்றிய நூல்களை எழுதி, 1964இல் ரமணாசிரமத்தின் ‘மௌண்டன் பாத்’ சஞ்சிகையைத் தொடங்கிய ஆங்கிலேயர். ஆகவே ஆடத்தின் பால்யம் திருவண்ணாமலையிலும் கொடைக்கானலின் பள்ளியிலுமாகக் கழிந்தது. தமிழ் அவருக்குச் சரளமாக வந்தது. பதினோராம் வயதில் இங்கிலாந்து சென்று, பின்னர் அமெரிக்காவில் இரசாயனப் பொறியியலில் கலாநிதிப் பட்டம் பெற்று, நுண்கணினிகளைப் பற்றி எளிய நூல்கள் எழுதி வெளியிட்டுப் பொருளீட்டிய அவர், 1981 ஏப்ரலில் ‘ஒஸ்போர்ன் 1’ என்ற யந்திரத்தை உலகுக்குக் காட்டினார். தூக்கிச் செல்லத்தக்க கணினிகளில் வியாபார வெற்றி கண்ட முதலாவது அதுவே.

அந்த யந்திரத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். பெட்டிக்குள் அடங்கிய தையல் யந்திரத்தைப் போன்ற உருவம். ஏறத்தாழ பதினொரு கிலோ எடை. விமான ஆசனத்தின் அடியில் நுழையும் அளவு. மூடியைக் கழற்றிக் கீழே வைத்தால் அதுவே விசைப்பலகை. நடுவில் ஐந்து அங்குலத் திரை. அதன் இருபுறமும் நெகிழ்தட்டுகளைச் செருகும் இரு வாய்கள். உள்ளே 64 கிலோபைட் நினைவகம். விலை 1,795 டொலர். அந்த விலைக்குள்ளேயே எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்குமான மென்பொருள்களும் அடக்கம். யந்திரம் உலகில் மிகச் சிறந்ததாயிருக்க வேண்டியதில்லை, பெரும்பாலோரின் வேலைக்குப் போதுமானதாயிருந்தாற் போதும் என்பதே ஒஸ்போர்னின் சித்தாந்தம். மக்கள் அதை ஏற்றார்கள். உச்ச காலத்தில் மாதம் பத்தாயிரம் யந்திரங்கள் வரை விற்பனையாயின.

ஆயினும் அந்தப் ‘போதுமானது’ எந்த இடத்தில் போதாமற் போயிற்று என்பதில்தான் நமக்குரிய முதற் பாடம் இருக்கிறது. திரையில் ஒரு வரிக்கு 52 எழுத்துகளே தெரிந்தன. அலுவலகக் கடிதத்துக்கோ 80 எழுத்துகள் வேண்டும். வரியின் கடைசியைப் பார்க்கத் திரையைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டியிருந்தது. 1982இல் ஒன்பது அங்குலத் திரையோடு கேப்ரோ என்ற போட்டி யந்திரம் வந்தது. அடுத்த ஆண்டு கொம்பாக் நிறுவனத்தின் யந்திரம் கடைக்கு வந்தது. அது ஏறத்தாழ பன்னிரண்டரைக் கிலோ எடையும் ஏறக்குறைய மூவாயிரம் டொலர் விலையும் உடையது, ஆனால் ஐ.பி.எம். கணினியின் மென்பொருள்களையே இயக்க வல்லது. சுமையும் விலையும் கூடியிருந்தும் முதலாண்டிலேயே ஐம்பதாயிரத்துக்கு மேல் விற்றது. இதற்கிடையே ஒஸ்போர்ன் தமது அடுத்த மாதிரியைப் பற்றி முன்கூட்டியே பேசிவிட்டார், புதியது வரட்டும் என்று வாங்குவோர் காத்திருந்தனர், பழையது தேங்கியது. 1983 செப்டம்பரில் கம்பனி வங்குரோத்தாயிற்று. ஒஸ்போர்ன் நோயுற்று 1992இல் இந்தியா திரும்பி, தாம் சிறுவனாய்ப் படித்த கொடைக்கானலிலேயே 2003 மார்ச் 18ஆம் திகதி காலமானார்.

கொம்பாக்கின் வெற்றியை மட்டும் கண்டு, மக்கள் எப்போதும் சக்தியையே தேர்வார்கள் என்று முடிவு கட்டுவது பிழை. அதே 1983இல் ரேடியோ ஷாக் கடைகள் ‘மொடல் 100’ என்றொரு சிறு யந்திரத்தை விற்றன. எடை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. திரையில் நாற்பது எழுத்துகள் கொண்ட எட்டே வரிகள். ஆனால் ரேடியோவுக்கும் டோர்ச்சுக்கும் போடும் சாதாரண பற்றரி நான்கைப் போட்டால் இருபது மணி நேரம்வரை ஓடும். தொலைபேசிக் கம்பி வழியே எழுதியதை அனுப்பவும் செய்யும். பத்திரிகை நிருபர்கள் அதைக் கொண்டாடினார்கள். செய்தி நிகழ்ந்த இடத்திலேயே எழுதி, அருகிலுள்ள தொலைபேசியிலிருந்து அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால், பக்கம் கட்டும் பெரிய வேலையை அங்கிருக்கும் பெரிய யந்திரங்கள் பார்த்துக்கொள்ளும். கணக்காளருக்குக் கொம்பாக்கும் நிருபருக்கு மொடல் நூறும் சரியான தெரிவுகளே. இருவரும் தத்தம் தொழிலை அறிந்து வாங்கினார்கள்.

சுமைக்கும் சக்திக்கும் உள்ள இந்தப் பகைமை, நிறுவனங்களின் கஞ்சத்தனத்தால் விளைந்ததன்று. பௌதிக நியதியால் விளைந்தது. செயலி எவ்வளவு வேகமாக உழைக்கிறதோ அவ்வளவு மின்சாரத்தை உட்கொண்டு, அவ்வளவையும் வெப்பமாக வெளியேற்றுகிறது. வெப்பத்தைப் போக்கச் செப்புக் குழாயும் விசிறியும் வேண்டும். மின்சாரத்துக்குப் பெரிய பற்றரி வேண்டும். இவை யாவும் எடை. 50 வாட்-மணி கொள்ளும் பற்றரியில், ஏழு வாட் செலவழிக்கும் இலகு யந்திரம் ஏழு மணி நேரம் ஓடும். கடின வேலையில் ஐம்பது வாட் விழுங்கும் யந்திரம் ஒரு மணியில் ஓய்ந்துவிடும். பற்றரியைப் பெருக்கலாமே என்றால், சாதாரணமாக விமானத்தில் கொண்டுசெல்ல நூறு வாட்-மணியே எல்லை. வல்லமை மிக்க மடிக்கணினிகள் பலவும் சுவரிலுள்ள மின்சாரத்திலிருந்து பிரிந்தவுடன் தம் வல்லமையில் பெரும்பகுதியை இழக்கின்றன என்பதும் வாங்குவோர் அறியவேண்டிய உண்மை.

இந்தப் பகைமை காலப்போக்கில் தணிந்தது. 2003இல் இன்டெல் நிறுவனம் மின்சாரச் சிக்கனத்தையே முதன்மையாகக் கருதிச் சமைத்த ‘பென்டியம் எம்’ செயலியும், அதனோடு சேர்ந்து வந்த கம்பியில்லா இணைப்பும், கணினியை மேசையிலிருந்து மெய்யாகவே விடுவித்தன. 2007இல் ஏசுஸ் நிறுவனத்தின் ஏழு அங்குல ‘ஈ பீசி’ ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் மலிவாக வந்து, மலிவும் இலகுவும் மட்டும் போதா, கண்ணுக்கும் விரலுக்கும் இடம் வேண்டும் என்பதைக் கற்பித்தது. 2008இல் வந்த ‘மக்புக் ஏர்’ இலகுவுக்காக இறுவட்டுச் செலுத்தியையும் துறந்தது. 2020இல் அதன் புதிய வடிவம் விசிறியே இல்லாமல், முன்பு கனத்த யந்திரங்களுக்கே உரியதாயிருந்த வேகத்தைக் காட்டியது. அக்கரையில் தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15ஆம் திகதி தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், இலட்சக்கணக்கான ஏழை மாணவர்களின் கையில் நடுத்தரச் சக்தியுள்ள யந்திரங்களைக் கொடுத்தது.

இனி இந்தச் சரித்திரத்தை நமது கரையின் நிலைமைகளோடு ஒப்பு நோக்குவோம். இங்கே யந்திரம் பஸ்ஸில், மடியிலோ தோளிலோ பிரயாணம் செய்யவேண்டும். ஒன்றேகால் கிலோவுக்கும், சார்ஜரோடு மூன்று கிலோவுக்கும் உள்ள பேதத்தை நின்றபடியே பிரயாணம் செய்யும் பிள்ளையின் தோள் அறியும். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்ததை எவரும் மறக்கவில்லை. அத்தகைய நாளில் பற்றரி நின்று பிடிக்கும் யந்திரமே பாடம் நடத்தும். அதே ஆண்டில் டொலரின் பெறுமதி இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபது ரூபாவரை உயர்ந்ததால், ஒரு இலட்சத்துக்கு வாங்கத்தக்க ஐந்நூறு டொலர் யந்திரம் வரிக்கு முன்னரே ஒரு இலட்சத்து எண்பதாயிரமாயிற்று. தேவைக்கு மேற்பட்ட சக்திக்குக் கொடுக்கும் ஒவ்வொரு டொலரும் இங்கே இரட்டைச் சுமை. உப்புக் காற்றும் புழுதியும் விசிறியுள்ள யந்திரத்தின் உள்ளே போய்ப் படிவதும் கடலோரத்தார் கணக்கில் எடுக்கவேண்டியது.

ஆகவே என் தீர்ப்பு இது. வாசிப்பு, எழுத்து, கணக்கு, இணையவழி வகுப்பு, ஆரம்ப நிரலாக்கம் ஆகியவையே வேலையாயிருக்கும் மாணவருக்கு, எட்டு ஜிகாபைட்டுக்குக் குறையாத, இயன்றால் பதினாறு ஜிகாபைட் நினைவகமும், பகல் முழுதும் தாங்கும் பற்றரியும், கண்ணை வருத்தாத திரையும் உள்ள இலகுவான மடிக்கணினியே உத்தமம். காணொளி தொகுப்பவருக்கும் கட்டட வரைபடம் வரைபவருக்கும் சக்தி அவசியந்தான். அவர்களும் தினமும் சுமக்கவேண்டிய நிர்ப்பந்தம் இல்லையாயின், அதே பணத்துக்கு மேசைக் கணினி வாங்கினால் அதிக சக்தியைப் பெறுவார்கள். அடுத்த ஆண்டு இதைவிட நல்லது வருமென்று காத்திருப்போருக்குச் சரித்திரத்தில் முடிவே இல்லை. தேவை வந்த நாளே வாங்கும் நாள்.

வெளிநாட்டில் வாழும் உறவினரிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் எனக்கொரு விண்ணப்பம் உண்டு. பிள்ளைகளுக்குத் தனித்தனியே இலகுவான யந்திரங்களை அனுப்புங்கள். வல்லமை மிக்கதை ஊர்ப் பாடசாலைக்கோ நூலகத்துக்கோ, மின்வெட்டைத் தாங்கும் யூ.பி.எஸ்.ஸோடு பொதுவாக வாங்கிக் கொடுங்கள். அந்தக் காலத்து நிருபர்களுக்கு அலுவலகத்துப் பெரிய யந்திரம் உதவியதுபோல, கனமான வேலை வரும்போது அது எல்லோருக்கும் உதவும். ஒருவருக்காகச் செலவிடும் பணம் ஒரு கிராமத்துக்கே பயன்படும்.